ஏஏ-வா, செலிபிரேட் ரிகவரியா?

குடியை விட நினைக்கும் அமெரிக்கக் கிறிஸ்தவர் காதில் அடிக்கடி விழும் பெயர்கள் இவை.

ஏஏ எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அது 1935-ல் ஒஹாயோவின் ஏக்ரனில் தொடங்கியது. வேர் ஆக்ஸ்ஃபோர்ட் குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில்தான். ஆனாலும் குடியிலிருந்து மீள அது சொல்லும் 12 படிகளில் இயேசுவின் பெயர் இல்லை. ‘நாங்கள் புரிந்துகொண்ட கடவுள்’ என்பதோடு சரி. நாத்திகரும் வந்து உட்காரலாம்.

செலிபிரேட் ரிகவரி 1991-ல் கலிஃபோர்னியாவின் சாடில்பேக் சபையில் பிறந்தது. அதே 12 படிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வேத வசனம். கூடவே மலைப்பிரசங்கத்திலிருந்து எடுத்த 8 கோட்பாடுகள். பாட்டு, ஒருவர் தன் அனுபவத்தைச் சொல்லும் சாட்சி, அப்புறம் ஆண்களும் பெண்களும் தனித்தனிக் குழுவாகப் பேசுவார்கள். குடி மட்டுமல்ல, கோபம், ஆபாசப்படம் என்று எதற்கும் வரலாம். ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிட்டு அறிவுரை சொல்லக் கூடாது. சபைக்காரர்களுக்கு இது லேசான காரியமில்லை!

பாவம் என்ற பேச்சே ஒருவரைக் கூனிக்குறுக வைத்தால், ஏஏ-தான் நல்லது என்பேன். பெரிய நகரங்களில் அது தினமும் நடக்கும். மற்றது பெரும்பாலும் வாரம் ஒரு இரவு. புதிதாக நிறுத்தியவருக்கு ஒரு வாரம் ரொம்ப நீளம். இரண்டுக்கும் போகிறவர்களும் உண்டு.

காலையில் கை நடுங்கும் அளவுக்குக் குடிப்பவர் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.