ஆன்லைனில் வந்த ‘பாலபுஷ்கா’: கியூவுக்கு நாலு ஸ்டார், விளம்பரத்துக்கு ஒன்றுகூடக் கிடையாது

பொருள் என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேஜையில் பந்துகளைக் குழியில் தள்ளும் பூல் ஆட்டத்துக்கான கோல்தான் கியூ. இது, அமெரிக்காவில் பெயர்பெற்ற கியூ கைவினைஞர் ஜார்ஜ் பாலபுஷ்காவின் பெயரை ஜப்பானின் ஆடம் நிறுவனம் உரிமம் வாங்கிச் செய்தது. பழையது. இரண்டு துண்டு, ஒரே ஒரு ஷாஃப்ட் (பந்தை அடிக்கும் முன் துண்டு), 19 அவுன்ஸ். தபால் செலவோடு 460 டாலர் கொடுத்தேன். அந்த விலைக்குக் குறை சொல்ல முடியாத கியூ. ஆனால் இது விற்பனைக்கு வந்த லட்சணம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

விளம்பரத்தில் இருந்தது இப்படி: ஒரிஜினல் ஜார்ஜ் பாலபுஷ்கா, 1961-ல் செய்தது, சாம்போட்டி பிளாங்க், தந்த ஃபெரூல் (ஷாஃப்டின் நுனியில் வரும் வெள்ளைப் பூண்), சினிமாவில் வந்த அதே கியூ, சான்றிதழ் உண்டு. விலை 6,500 டாலர். நியூஜெர்சியில் எங்கள் லீக் டீமில் ஆடும் தம்பி ஒருவன் லிங்கை அனுப்பி, “அண்ணா, சும்மா குடுக்கிற மாதிரி போட்டிருக்கான், தூக்கிடட்டுமா?” என்று கேட்டான். “கார்டை எடுத்து உள்ளே வை, முதல்ல விளம்பரத்தைப் படி” என்றேன்.

பாலபுஷ்கா 1912-ல் ரஷ்யாவில் பிறந்து, 1924-ல் நியூயார்க் வந்து சேர்ந்தவர். தச்சு வேலை தெரிந்த மனிதர். 1959-ல் நண்பர்களுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுக்கத்தான் கியூ செய்ய ஆரம்பித்தார். 1975 டிசம்பரில் இறந்துபோனார். அந்தப் பதினாறு வருடத்தில் அவர் கையால் வந்தவை ஆயிரத்துச் சொச்சம்தான் என்று விஷயம் தெரிந்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒன்றின் விலை பத்தாயிரக்கணக்கான டாலரில் பேசப்படும்போது, ஒருவர் 6,500-க்குக் கொடுக்கிறார் என்றால் அவர் ஒன்றும் வள்ளல் இல்லை.

அடுத்தது பிளாங்க். கியூவின் பின் துண்டில், கைப்பிடிக்கு முன்னால் ஊசி ஊசியாக ஏறும் கூர்முனைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒட்டுவேலை முடிந்த கட்டைக்குத்தான் பிளாங்க் என்று பெயர். பாலபுஷ்கா அதைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே வாங்கினார். ஆரம்பத்தில் பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட். பிறகு சிகாகோவின் பர்ட்டன் ஸ்பெயின் செய்தவை. கடைசி ஆண்டுகளில்தான் பென்சில்வேனியாவின் கஸ் சாம்போட்டி. ஆக, 1961 என்று எழுதி அதே வரியில் சாம்போட்டி பிளாங்க் என்றும் எழுதினால் இரண்டில் ஒன்று பொய். சினிமா கதையும் அப்படித்தான். 1986-ல் வந்த ‘தி கலர் ஆஃப் மணி’ படத்தில் பாலபுஷ்கா என்று சொல்லிக் கொடுக்கப்படும் கியூ, உண்மையில் ஜாஸ் கம்பெனியின் ஜே-18. அசலை வைத்துப் படம் பிடித்தால் கெட்டுப்போகும் என்று அப்படிச் செய்தார்கள். ‘படத்தில் வந்த அதே கியூ’ என்று பெருமையாக எழுதுபவர், தன் கியூ பாலபுஷ்கா இல்லை என்று தானே வாக்குமூலம் கொடுக்கிறார்!

பலரும் ஏமாறுவது டைட்லிஸ்ட் விஷயத்தில். இது ஒற்றைத் துண்டாக பூல் கிளப் சுவரில் மாட்டியிருந்த சாதாரணக் கியூ. ஏராளமாகச் செய்தார்கள், இன்றும் பழையது கிடைக்கிறது. லேத் வைத்திருக்கும் யாரும் ஒன்றை வாங்கி, நடுவில் வெட்டி, இரண்டையும் திருகி இணைக்க எஃகு ஜாயிண்ட் வைத்து, கைப்பிடியில் ஐரிஷ் லினன் நூல் சுற்றி, முத்துச்சிப்பிப் பொட்டு பதித்துவிடலாம். மரம் அசல், வயது அசல், கூர்முனைகளின் ஓரத்தில் வரும் மெல்லிய வண்ண மரத்தகடான வெனீரின் மங்கிய நிறமும் அசல். ஆனால் செய்தவர் பாலபுஷ்கா இல்லை. ஊர் ஊருக்குக் காஞ்சிபுரம் பட்டு என்று போர்டு மாட்டுகிற மாதிரிதான். ஆகவே ‘டைட்லிஸ்ட் பிளாங்க், நிச்சயம் அசல்’ என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டாதீர்கள். செய்தவரின் கை தெரிவது ஜாயிண்டிலும், அதன் இரு பக்கமும் வரும் ரிங்குகளிலும், அடிமூடியிலும். ஷாஃப்டில் உள்ள ரிங், பின் துண்டில் உள்ளதோடு நிறம், அகலம், கோடு எல்லாம் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் ஷாஃப்டாவது வேறு இடத்தில் செய்தது.

நான் கோயம்புத்தூரில் லேத் பட்டறையில் வேலை பழகியவன். அதனால் விற்பவரிடம் கியூவில் உள்ள கையெழுத்தின் படம் கேட்கவில்லை. பேனா எல்லோரிடமும் இருக்கிறது. ஜாயிண்டைக் கழற்றி முகப்பை நேராக எடுத்த படம், நான்கு கூர்முனைகளின் நுனி, பதிப்பு வேலையின் மூலை, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஃபெரூல், இவற்றைக் கேட்டேன். வந்ததெல்லாம் வெவ்வேறு கோணத்தில் கையெழுத்து. சான்றிதழில் யார் பரிசோதித்தார்கள் என்ற பெயரே இல்லை, கியூவின் அளவுகள் இல்லை, படம் இல்லை. அந்தத் தாளை எந்தக் கியூவோடும் சேர்த்து விற்கலாம்.

கொஞ்ச நாளில் விளம்பரம் மறைந்து, ‘பாலபுஷ்கா வகை’ என்ற தலைப்போடு திரும்பி வந்தது. விலை பாதிக்கும் கீழே. ஆடம் கியூக்களை நிறையப் பார்த்திருப்பதால் இதுவும் ஆடம்தானோ என்று எனக்கு முதலிலேயே சந்தேகம். ஆடம் என்று வெளிப்படையாக எழுதி, திருப்பி அனுப்ப வழியும் வைத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்.

கைக்கு வந்த பிறகு லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கூர்முனைகள் நிஜமான ஒட்டு. வெனீர்கள் நுனியில் மடிந்து ஊசியாகச் சேர்கின்றன. மலிவான கியூக்களில் இது ஸ்டிக்கராக இருக்கும், லென்ஸில் மைப்புள்ளி தெரியும். கட்டர் போட்டுக் குடைந்து பதித்ததாக இருந்தால் நுனி லேசாக உருண்டிருக்கும். இதில் இரண்டும் இல்லை. ஃபெரூல் மட்டும் பிளாஸ்டிக். நுனியில் இருந்த பழைய தோல் டிப்பை எடுத்தபோது அதன் முகப்பு தெரிந்தது. யானைத் தந்தமாக இருந்தால் குறுக்குவெட்டில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் பின்னல் போலத் தெரியும், எலும்பாக இருந்தால் நுண்ணிய துளைப்புள்ளிகள் இருக்கும். இது பால் வெள்ளை, ஒரு கோடு கிடையாது. நல்லதாகப் போயிற்று. நியூஜெர்சியில் தந்தம் விற்கவே கூடாது என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. ஈபே 2009-லேயே தந்தத்துக்குத் தடை போட்டுவிட்டது.

ஆட்டத்தில் அடி கெட்டியாக விழுகிறது, எஃகு ஜாயிண்டின் அந்த ‘ணங்’ பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். ஃபாலோ ஷாட் (அடித்த பந்து இன்னொன்றில் மோதிய பிறகும் முன்னே உருளும் அடி) அருமை. தனியாக மேஜையில் உருட்டினால் ஷாஃப்ட் நுனிப் பக்கம் சற்றே எழும்புகிறது, அதற்குத்தான் ஒரு ஸ்டார் குறைத்தேன். நூல் சுற்று பின்னாளில் மாற்றியது. சேகரிப்பவருக்கு அது குறை, ஆடுகிறவனுக்கு இல்லை.

அதே ஆள் இப்போது ஒரு ‘ஒரிஜினல் சாம்போட்டி’ போட்டிருக்கிறார். இருபது படம் இருக்கிறது, ஜாயிண்டைக் கழற்றி எடுத்தது ஒன்றுகூட இல்லை.