சுண்ணாம்புப் பூச்சு வேலைக்கு சுங்கை சிப்புட்டில் ஆள் இருக்கிறார்

பழைய செங்கல் கட்டடம் கையில் இருப்பவர்கள் சிமெண்டு மூட்டையைப் பிரிக்கும் முன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்த அப்பா, மகன் கொத்தனார்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். போர்டு கிடையாது. வாசலில் சுண்ணாம்பு டிரம் நிற்கும், அதுதான் அடையாளம். எங்கள் தோட்டத்துக் கிறிஸ்தவக் கோயிலின் சுவர்ப் பூச்சை இவர்கள்தான் சரிசெய்தார்கள். வேலை சுத்தம். சொன்ன நாளில் வருவதுதான் வழக்கமில்லை.

கோயில் துரைமார் காலத்தது. கூர்வளைவு ஜன்னல், முன்னே சின்ன முகப்பு, உள்ளே சுண்ணாம்புப் பூச்சு. முதலில் பார்க்க வந்த காண்ட்ராக்டர் (பெயர் வேண்டாம்), "பூச்செல்லாம் சுரண்டிட்டு செங்கல்ல அப்படியே காட்டி வார்னிஷ் அடிச்சிடலாம் டீச்சர், ஹோட்டல் மாதிரி இருக்கும்" என்றார். கமிட்டியில் பாதிப் பேருக்கு அந்த ஆசை வந்துவிட்டது. கணக்குப் புத்தகம் என்னிடம் இருந்ததால் தப்பித்தோம்.

சுரண்டினால் என்ன ஆகும் என்று நான் இங்கிலாந்தில் பர்ஃபர்ட் என்ற ஊரின் கோயிலில் பார்த்திருக்கிறேன். மகள் ஸ்விண்டனில் நர்ஸ். அங்கிருந்து காரில் கூட்டிப்போனாள். கம்பளி வியாபாரத்தில் காசு பார்த்த ஊர், கோயிலும் அதற்கேற்ற பெரிசு. 12ஆம் நூற்றாண்டு நார்மன் கோபுரம், அதன் தலையில் 15ஆம் நூற்றாண்டில் ஏற்றிய ஊசிக் கூம்பு. ஞானஸ்நானத் தொட்டியின் ஈயத்தில் ஒருவர் தன் பெயரையும் 1649 என்ற ஆண்டையும், கைதி என்பதை எழுத்துப் பிழையோடும் கீறி வைத்திருக்கிறார். கிராம்வெல் என்ற தளபதியின் படை கோயிலுக்குள் அடைத்து வைத்த கலகக்காரச் சிப்பாய்களில் ஒருவர். அந்தக் கீறலை விரலால் தடவிப் பார்க்காமல் நகர முடியவில்லை.

ஆனால் உள்ளே சுவர் மொட்டைக் கல்லாக நிற்கிறது. அந்தக் காலத்துப் பங்குக் கோயில்கள் இப்படி இருந்தவை அல்ல. ஒழுங்கில்லாத கல்லை அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசி, வெள்ளை அடித்து, அதன்மேல் புனிதர்களையும் கடைசித் தீர்ப்பையும் வண்ணத்தில் வரைந்திருப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் திருப்பணி செய்தவர்களுக்குக் கல் தெரிந்தால்தான் பழமை. 1839இல் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ஒரு சங்கம், 14ஆம் நூற்றாண்டுப் பாணிதான் உத்தமம் என்று ஓதிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டு ஊர் ஊராகப் பெட்டி போன்ற பெஞ்சுகளையும் மேல்மாடங்களையும் பிடுங்கினார்கள். பிற்காலத்து ஜன்னலைக்கூட எடுத்துவிட்டு 'சரியான' பாணியில் புதிதாகச் செய்து வைத்தார்கள். பர்ஃபர்டில் 1870களில் ஸ்ட்ரீட் என்ற கட்டடக் கலைஞர் நடத்திய வேலையில் சுவர்ப் பூச்சு சுரண்டப்பட்டது. 1876இல் அதைப் பார்த்து வில்லியம் மாரிஸ் என்ற கவிஞரும் வடிவமைப்பாளருமானவர் குருவானவரிடம் சண்டைக்குப் போனார். "கோயில் என்னுடையது, நினைத்தால் உள்ளே தலைகீழாகவும் நிற்பேன்" என்று குருவானவர் சொன்னதாகக் கதை. (எங்கள் கமிட்டியிலும் அப்படி ஒருவர் உண்டு.) அடுத்த வருஷமே, 1877இல், பழைய கட்டடங்களைக் காக்க மாரிஸ் ஒரு சங்கம் தொடங்கினார். பக்கத்தில் இங்கிள்ஷம் என்ற சின்னக் கோயிலை அவர்கள் எப்படிப் பழுதுபார்த்தார்கள் என்பதையும் பார்த்தேன். பெஞ்சுகள் அப்படியே, சுவரில் ஒரு காலத்து ஓவியத்தின் மேல் இன்னொரு காலத்து எழுத்து. புதிதாக்கவே இல்லை, விழாமல் நிறுத்தியிருக்கிறார்கள்.

சரி, நம் ஆளுக்கு வருவோம். பெரியவர் வந்ததும் விலை பேசவில்லை. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். பொள்ளென்று கேட்ட இடத்தில் மட்டும் சாக்பீஸால் வட்டம். "மத்தது உங்களுக்கும் எனக்கும் பின்னாடியும் நிக்கும் டீச்சரம்மா, தொடாதீங்க." அடியில் யாரோ பிற்பாடு பூசிய சிமெண்டுப் பட்டையை உளி வைத்துப் பெயர்த்தார். பின்னால் இருந்த செங்கல் நகம் பட்டதும் மாவாகக் கொட்டியது, மேலெல்லாம் வெள்ளை உப்பு. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக ஆவியாகிப் போய்விடும். சிமெண்டு வழிவிடாததால் செங்கலுக்குள்ளேயே தங்கி அரிக்கிறது என்றார். நீற்றிச் சலித்த சுண்ணாம்பில் மணலும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து, மெல்லிசாக ஒரு கை பூசி, நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு, அது இறுகிய பிறகுதான் அடுத்த கை. அவசரப்படுத்தினால் வெடிக்குமாம்.

குறை இல்லாமல் இல்லை. மகன் முகப்பு வளைவின் விளிம்பை ரூலர் பிடித்ததுபோல் கூராக்கிவிட்டார். பழைய விளிம்பு கையால் இழுத்தது, லேசாக நெளியும். திரும்பச் செய்யச் சொன்னேன், முனகிக்கொண்டே செய்தார். சுண்ணாம்பு டிரம்மை மூடாமல் போவார்கள். பிள்ளைகள் ஓடியாடும் இடம் என்றால் மூடியை நீங்களே பூட்டுங்கள். சிமெண்டு வேலையைவிடச் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. புதுப் பூச்சு முதலில் திட்டுத் திட்டாகத் தெரியும். வெள்ளை அடித்தபின் தேடினால்தான் தெரிகிறது.

5க்கு 4 கொடுக்கிறேன். வாட்ஸாப்பில் பதில் வராது, சாயங்காலம் நேரில் போங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பே பேசி முன்பணம் கொடுத்துவிட வேண்டும். மழை பிடித்துவிட்டால் வெளிச்சுவரைத் தொடவே மாட்டார்.