மினி டிராக்டர் பேக்ஹோ மந்தமாக ஓடுகிறதா? பெரிய பம்ப்பா, தனி பி.டி.ஓ. பம்ப்பா

மினி டிராக்டரின் பின்னால் பேக்ஹோ (குழி தோண்டும் இயந்திரக் கை) மாட்டியிருப்பவர்கள் எல்லோருக்கும் ஒரே மனக்குறைதான்: வேலை நடக்கிறது, ஆனால் ஊர்ந்து ஊர்ந்து நடக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் 3 அடிக்கு 3 அடி தென்னங்குழி எடுக்கும் வேகத்தைப் பார்த்துவிட்டு நானும் வழி தேடினேன். எதிரே இருந்தவை இரண்டு. ஆயிலைத் தள்ளி அந்தக் கையை இயக்கும் வண்டியின் சொந்த ஹைட்ராலிக் பம்ப்பைக் கழற்றிவிட்டுப் பெரியதாகப் போடலாம், அல்லது பி.டி.ஓ.வில் (எஞ்சின் சக்தியை வெளிக்கருவிகளுக்குத் தரும் சுழல் தண்டு) தனி பம்ப்பும் அதற்கெனத் தனி ஆயில் டேங்கும் வைக்கலாம். நான் இரண்டாவதை எடுத்தேன். இன்று யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

காசை எடுக்கும் முன், அடைத்துக்கொண்ட ஃபில்டர், ஆயில் மட்டம், முழுதாகப் பூட்டாத கப்ளிங் (ஹோஸ் இணைப்பு) ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ரிலீஃப் வால்வை (ஆயில் அழுத்தம் எல்லை மீறாமல் காக்கும் வால்வு) திருகி அழுத்தத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அழுத்தம் பலத்தைத் தரும்; வேகத்தைத் தருவது நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஆயில் வருகிறது என்பது. 75 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. ஓட்டமும் உள்ள சிலிண்டர் நிரம்ப 2.65 லிட்டர் வேண்டும். நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்தால் அது நீள 8 விநாடி ஆகும். 36 லிட்டர் வந்தால் நாலரை விநாடிக்குள் முடிந்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் இந்தக் கணக்கு மாறாது, பூமும் (பேக்ஹோவின் கை) அது மாட்டியிருக்கும் சட்டமும்தான் அடி வாங்கும்.

பெரிய பம்ப்பின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. கூடுதல் டேங்க் வேண்டாம், பின்னால் இடம் அடைக்காது, முதல் செலவும் குறைவு. ஆனால் உறிஞ்சும் குழாய், வால்வு, திரும்பும் குழாய் எல்லாம் பழையவையாகவே இருக்கும். மெல்லிய குழாயில் அதிக ஆயிலை இழுத்தால் பம்ப் ஊளையிடத் தொடங்கும். உள்ளே நுரை கட்டி உலோகத்தை அரித்துவிடும். அப்படி மாற்றிய வண்டி ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்தில் ஓட்டிப் பார்த்ததோடு சரி. காலையில் கை நன்றாகவே பறந்தது. அது எத்தனை வருடம் உழைக்கும் என்பதில் என் பேச்சுக்குப் பெரிய எடை தர வேண்டாம்.

என் முடிவைத் தீர்மானித்தது ஆயிலின் சூடு. இத்தகைய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கியர்பாக்ஸ் ஆயில்தான் ஹைட்ராலிக் ஆயிலும். பம்ப்பைப் பெரிதாக்கினால் அதே ஆயில் அதே ஒடுங்கிய வழியில் இன்னும் வேகமாகச் சுற்றும்; அங்கே வீணாகும் சக்தி முழுவதும் சூடாக மாறும். சூடான ஆயில் நீர்த்துப்போகும். 46 கிரேடு ஆயிலுக்கு (எண் கூடினால் ஆயில் கெட்டி) 40 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பில் மூன்றில் ஒரு பங்குகூட 80 டிகிரியில் மிஞ்சாது. நீர்த்த ஆயில் பம்ப்புக்குள்ளேயே கசிந்து திரும்பிவிடும். காலையில் பறக்கும் கை சித்திரை வெயிலில் மதியத்துக்குள் பழையபடி தளர்வதற்கு இதுதான் காரணம்.

தனி டேங்கில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைகிறது. நான் வைத்திருப்பது 70 லிட்டர் டேங்க், 68 கிரேடு ஆயில். உச்சி வெயிலிலும் டேங்க் மேல் உள்ளங்கையை வைத்து நிதானமாக எண்ணிக்கொண்டிருக்க முடிகிறது. இன்னொரு நிம்மதி: பேக்ஹோ ஹோஸ் வெடித்தால் போவது டேங்க் ஆயில் மட்டுமே, கியர்பாக்ஸ் வறண்டுபோகாது. கப்ளிங் வழியே நுழையும் செம்மண்ணும் கியர் பக்கம் எட்டிப்பார்க்காது.

பம்ப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கவனம் வேண்டும். சிறிய கியர் பம்ப்புக்கு பி.டி.ஓ.வின் நிமிடத்துக்கு 540 சுற்று போதாது. 1:3 வேகம் கூட்டும் கியர்பெட்டியோடு வாங்குங்கள். சுற்றுக்கு 25 சி.சி. தரும் பம்ப் கணக்குப்படி நிமிடத்துக்கு 40 லிட்டர் தர வேண்டும், இழப்பு போக 36 நிற்கும். 150 பார் அழுத்தத்தில் அதற்கு 9 கிலோவாட், இழப்பையும் சேர்த்தால் 14 குதிரைத்திறன் ஆகும். 27 குதிரைத்திறன் வண்டிக்கு இது சுமையில்லை. 18 குதிரைத்திறன் வண்டி திணறும். உறிஞ்சும் ஹோஸ் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது; வால்வுக்குப் போவது அரை அங்குலம். கியர்பெட்டி தானும் சேர்ந்து சுழலாதபடி சங்கிலியால் சேஸிஸோடு கட்ட மறக்காதீர்கள். பேக்ஹோவின் வால்வு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தாங்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போனால் லிவரைத் தொட்டதும் கை உதறும், குழியின் ஓரத்தைச் சீராக வெட்ட முடியாது.

குறையும் உண்டு. செலவு கூடுதல், எஞ்சினை 540 சுற்றுக்கு ஏற்ற வேகத்திலேயே வைத்திருப்பதால் டீசலும் கூடுதலாகப் போகிறது. வருடத்தில் சில நாள் மட்டுமே தோண்டுபவர் இதில் இறங்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு இன்னொரு செய்தி: வண்டியை விற்கும் நாளில் பம்ப்பையும் டேங்கையும் கழற்றி அடுத்த வண்டிக்கு மாட்டிக்கொள்ளலாம்.