படகிலேயே குடியிருக்கும் இருவருக்கு ஏற்ற படகுத்துறை: ஒரு மதிப்புரை

பத்து மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகில் இருவர் குடியிருந்தால், படகுக்குள் இடமில்லாத அத்தனையையும் படகுத்துறைதான் கொடுத்தாக வேண்டும். குளிக்க, துணி துவைக்க, ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவர் தொலைபேசியில் பேச, மனத்தாங்கல் வந்தால் சற்று விலகி உட்கார என ஒவ்வொன்றுக்கும் கரையில் ஓர் இடம் தேவைப்படுகிறது. நானும் என் கணவரும் பல பருவங்களாகக் குடியிருந்துவரும் படகுத்துறையை இந்த அளவுகோலை வைத்தே மதிப்பிடுகிறேன். வார இறுதியில் வந்து பாய் விரித்துவிட்டு வீடு திரும்புபவர்களுக்கு அழகான உணவகமும் அகலமான வாகன நிறுத்தமும் போதுமானவையாக இருக்கலாம். ஆண்டு முழுவதும் தங்குபவர்களுக்கு மின்சாரம், கழிவகற்றல், உலர்ந்த காற்று, கரையில் ஒரு கதவு ஆகிய நான்கும் சரியாக இருந்தால்தான் வாழ்க்கை நடக்கும்.

எங்கள் தரிப்பிடம், அதாவது படகைக் கட்டிவைக்கும் இடம், மிதவை மேடையில் இருக்கிறது. ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் மேடையும் படகும் ஒன்றாகவே ஏறி இறங்குவதால், நள்ளிரவில் எழுந்து கயிற்றைத் தளர்த்தவோ இறுக்கவோ வேண்டியதில்லை. நிலையான கல்சுவரில் படகைக் கட்டுபவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை. நீர் வற்றிய நேரத்தில் கடைக்குப் போய்வந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாசி படிந்த ஏணியில் இறங்கித்தான் அவர்கள் வீடு சேர வேண்டும். இடம் ஒதுக்கும்போதே அலுவலகத்தினர் நாங்கள் குடியிருக்கப் போகிறோமா என்று விசாரித்து, பெரும்பாலும் காற்று வரும் திசையை அணியம் (படகின் முன்பகுதி) நோக்கியிருக்கும் தரிப்பிடத்தைத் தந்தார்கள். அறைக்குள் இறங்கும் வாசல் படகின் பின்பக்கத்தைப் பார்த்திருப்பதால், காற்றும் சாரலும் அணியத்தில் மோதிப் பிரிந்துவிடுகின்றன. மழை நாளிலும் வாசற்பலகையைத் திறந்துவைத்துக்கொண்டு உள்ளே உட்கார முடிகிறது. வாடகைக்கு இடம் தேடும் பலர் இதைக் கேட்பதே இல்லை.

மேடையில் சீரான இடைவெளியில் ஏணிகள் பொருத்தியிருப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவற்றின் கீழ்ப்படிகள் நீர்மட்டத்துக்குக் கீழேயும் நீள்கின்றன. குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. ஏறத்தாழ பத்து நிமிடங்களில் கைகள் பிடிக்கும் வலிமையை இழந்துவிடும். நனைந்த கனமான உடையோடு மேடையின் விளிம்பைப் பற்றி மேலே ஏறுவது இளைஞர்களுக்கும் மிகக் கடினம். இரவில் கழிப்பறைக்குப் போகத் தனியாக மேடையில் நடக்க வேண்டியிருக்கும் குடியிருப்பாளர்களுக்கு, கண்ணில் படாத அந்த மூன்று படிகள்தான் உயிர்க்காப்பு.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் படகில் வாழ்பவர்களின் அன்றாடம் அதைச் சுற்றியே அமைகிறது. ஐரோப்பியப் படகுத்துறைகளில் ஒரு தரிப்பிடத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது 230 வோல்ட்டில் 16 ஆம்பியர். வட அமெரிக்காவில் சிறு படகுகளுக்கு 120 வோல்ட்டில் 30 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ 3,600 வாட் என்ற ஒரே எல்லையில்தான் வந்து நிற்கின்றன. அறையைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 1,500 வாட், கெட்டிலுக்கு 2,000 வாட், சுடுநீர்த் தொட்டிக்கு 800 வாட் என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் ஒரே நேரத்தில் இயக்க வழியில்லை. குளிர்காலக் காலையில் எங்கள் படகில் முதலில் கேட்கும் குரல் பெரும்பாலும் “கெட்டில் போடப் போறேன், ஹீட்டரைக் கொஞ்சம் அணைங்க” என்பதாகவே இருக்கும். எங்களைப் போன்ற சிறு படகுகளுக்குப் பெரும்பாலான படகுத்துறைகளில் இதுதான் எல்லை. அந்த 3,600 வாட்டும் தடையின்றி, பாதுகாப்பாக வந்து சேர்கிறதா என்பதில்தான் ஒரு நிர்வாகத்தின் தரம் தெரியும்.

இங்கே தெரிகிறது. குளிர்காலத்தில் பணியாளர் ஒருவர் அகச்சிவப்பு வெப்பமானியோடு மேடை நெடுகிலும் நடந்து, ஒவ்வொரு மின்பெட்டியின் இணைப்பையும் சோதிக்கிறார். ஒருமுறை எங்கள் பிளக்கின் ஒரு பக்கம் மற்றதைவிடச் சூடாக இருப்பதைக் கண்டு, எங்களை அழைத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதைக் கழற்றிக் காட்டினார். பித்தளை முனைகளில் ஒன்று அடிப்பகுதியில் பழுப்பேறியிருந்தது. அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் குழைந்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் நிலையில் இருந்தது. உப்புக் காற்றில் உலோகம் அரித்து, தொடுமுனை தளர்ந்து, மின்தடை கூடி, மணிக்கணக்கில் ஓடும் ஹீட்டரின் மின்னோட்டத்தால் அந்த ஒரு புள்ளியில் வெப்பம் ஏறிக்கொண்டே போவதுதான் படகுகளில் தீ பிடிப்பதற்கான பழகிய காரணங்களில் ஒன்று. கேபிள் எங்களுடையது, அதைப் பார்க்க வேண்டிய கடமை சட்டப்படி அவர்களுக்கு இருந்திருக்காது. இருந்தும் பார்த்தார்கள் என்பதற்காகவே இந்தப் படகுத்துறைக்கு என்னிடம் தனி மதிப்பு உண்டு.

மின்பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் இருக்கிறது. துறைக்குள் நீந்தக் கூடாது என்ற பலகையும் வைத்திருக்கிறார்கள். பழுதான ஒரு படகிலிருந்து நீருக்குள் மின்சாரம் கசிந்தால் நீந்துபவரின் தசைகள் செயலிழக்கும். உப்புநீரைவிட நன்னீரில் இந்த ஆபத்து பெரிது, ஏனெனில் நன்னீரைவிட மனித உடல் மின்சாரத்தை எளிதாகக் கடத்துகிறது. கரை மின்சாரத்தின் இன்னொரு விளைவு மெதுவானது. எர்த் கம்பி வழியே பக்கத்துப் படகுகளின் உலோகங்களோடு நம் படகின் உலோகங்களும் இணைந்துவிடுவதால், அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் வேகமாகக் கரைகின்றன. அவை பாதி கரைந்தபோதே மாற்றிவிட வேண்டும். விட்டுவிட்டால் அடுத்து அரிபடுவது உந்துவிசிறி. புதிதாகக் குடிவருபவர்களிடம், எர்த் கம்பி வழியே வரும் இந்த அரிப்பைத் தடுக்கும் சாதனமான கால்வானிக் ஐசொலேட்டர் படகில் இருக்கிறதா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே அலுவலகத்தில் கேட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது கழிவுத்தொட்டி. எங்கள் படகில் அது எண்பது லிட்டர் கொள்ளும். இரண்டு பேர், கையால் இயக்கும் கழிப்பறை, ஒவ்வொரு முறையும் ஓரிரு லிட்டர் நீர் என்று கணக்கிட்டால், கரைக் கழிப்பறையையும் சேர்த்துப் பயன்படுத்தினாலும் ஒரு வாரத்துக்கு மேல் சற்றுத்தான் தாங்கும். பல துறைகளில் உறிஞ்சு குழாய் எரிபொருள் மேடையில் மட்டுமே இருக்கும். தொட்டி நிறைந்தால், காற்றோ மழையோ, கயிறுகளை அவிழ்த்து, இயந்திரத்தை இயக்கி, படகையே அங்கே கொண்டுபோக வேண்டும். இங்கே வாரந்தோறும் ஒரு சிறு பணிப்படகு ஒவ்வொரு குடியிருப்புப் படகின் பக்கத்துக்கும் வருகிறது. வருபவர் முதலில் தொட்டியின் காற்றுக்குழாய் அடைபடாமல் இருக்கிறதா என்று கேட்கிறார், ஏனெனில் அது அடைபட்டிருக்கும்போது உறிஞ்சினால் தொட்டியே உள்ளொடுங்கிவிடலாம். பிறகு கண்ணாடிக் குழாயில் தெளிந்த நீர் தெரியும்வரை அலசி எடுத்துவிட்டு, மூடியைச் சுற்றித் தளத்தையும் கழுவிக் கொடுத்துச் செல்கிறார். தேவையற்றதைத் தண்ணீரில் விட்டுவிடும் ஆசைக்கு யாருக்கும் இடம் கொடுக்காமல், சரியானதைச் செய்வதை இவ்வளவு எளிதாக்கி வைத்திருப்பது பாராட்டுக்குரியது. துறையின் நீரில் மீன்குஞ்சுகள் கூட்டமாகத் திரிவதைப் பார்க்கிறோம்.

ஈரம்தான் படகு வாழ்க்கையின் நிரந்தர எதிரி. இருவரின் மூச்சும் சமையலின் ஆவியும் குளிர்ந்த சுவர்களில் நீராய்ப் படிகின்றன. புரொப்பேன் வாயு ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 1.6 கிலோ நீராவி உண்டாகிறது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அடுப்பின் சூட்டில் குளிர்காய்வது அறையை நனைப்பதற்குச் சமம், கார்பன் மோனாக்சைடு அபாயம் வேறு. மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடிப்பக்கம் கருப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் தொடங்கியிருக்கும். இதற்கு மெத்தைக்கு அடியில் காற்றோடும் சட்டம், ஈரமகற்றும் இயந்திரம் ஆகிய இரண்டும் வேண்டும். குளிர்ந்த இடங்களில் கம்ப்ரசர் வகையைவிட ஈரமுறிஞ்சிப் பொருள் சுழலும் வகையே நன்றாக வேலை செய்கிறது. இங்கே துறையின் பங்கு சிறியதுதான், ஆனால் முக்கியமானது. துணி உலர்த்தும் இயந்திரங்கள் குடியிருப்பாளர்களின் எண்ணிக்கைக்குப் போதுமான அளவில் உள்ளன. ஈரத்துணியைப் படகுக்குள் தொங்கவிட வேண்டிய நிலை எங்களுக்கு வரவில்லை.

இனி நான் மிகவும் மதிக்கும் வசதிக்கு வருகிறேன். அலுவலகத்துக்கு மேல்மாடியில் குடியிருப்பாளர்களுக்கென்று ஓர் அறை ஒதுக்கியிருக்கிறார்கள். நீண்ட மேசை ஒன்று, நாற்காலிகள், ஒரு புத்தக அலமாரி, நீரைப் பார்த்த பெரிய சன்னல் ஆகியவைதான் அதில் உண்டு; சாவியட்டை இருந்தால் எந்த நேரமும் திறந்துகொள்ளலாம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சாதாரணமாகத் தெரியும். படகுக்குள் ஒருவர் அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது, மற்றவர் பாத்திரத்தை மெதுவாக வைத்தாலும் அது அங்கே கேட்கும். ஒருவர் எழுந்து நடக்க வேண்டுமானால் மற்றவர் கால்களை மடக்கிக்கொள்ள வேண்டும். காய்ச்சல் வந்த ஒருவர் பகலில் படுத்திருந்தால், மற்றவருக்கு உட்கார வேறு இடமே இல்லை. நில வீட்டில் ஒரு சண்டைக்குப் பிறகு இருவரும் தனித்தனி அறைக்குப் போய்விடலாம். படகில் முன்னறைக்கும் நடுக்கூடத்துக்கும் இடையே இருப்பது ஒரு மெல்லிய மரக்கதவு. அந்த மேல்மாடி அறை இருப்பதால், “நான் கொஞ்ச நேரம் மேலே போய்ட்டு வரேன்” என்று ஒருவர் சொல்லவும், மற்றவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல் இருக்கவும் முடிகிறது. இத்தகைய அறை இல்லாத துறையில், எவ்வளவு அன்புள்ள தம்பதியும் இரண்டாவது குளிர்காலத்தில் திணறுவார்கள் என்பதே என் கணிப்பு.

குறைகளும் உண்டு. உறைபனி எதிர்பார்க்கப்படும் வாரங்களில், குழாய்கள் வெடித்துவிடாமல் இருப்பதற்காக மேடைகளுக்கான குடிநீரை நிறுத்திவிடுகிறார்கள். காரணம் நியாயமானது, ஆனால் மாற்றாகக் கரையில் ஒரே ஒரு குழாயைத் திறந்துவைத்து, எல்லாக் குடியிருப்பாளர்களும் நீளமான ஹோஸ்களை அடுத்தடுத்து இணைத்துத் தொட்டி நிரப்பும்படி விடுவது நியாயமில்லை. இன்னொரு குழாயாவது காப்புறையிட்டு வைக்கலாம். குளியலறைகள் தூய்மையாக இருக்கின்றன, சுடுநீரும் குறைவதில்லை, ஆனால் எங்கள் மேடையின் கோடியிலிருந்து மழையில் நடந்துபோய்த் திரும்பினால் குளித்த பயன் போய்விடுகிறது. வைஃபை பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்கு அதை நம்ப வேண்டாம். கட்டணத்தை அணியத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரம்வரை அளந்து கணக்கிடுகிறார்கள் என்பதையும், குடியிருப்பவர்களுக்குக் கூடுதல் கட்டணம் உண்டு என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. இவை இரண்டும் பல இடங்களில் உள்ள வழக்கங்களே.

விதிகளில் ஒன்றை மனமார ஆதரிக்கிறேன். குடியிருப்புப் படகுகள் தங்கள் சொந்த இயந்திரத்தில் வெளியே சென்றுவரும் நிலையில் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் கூறுகிறது. பருவத்துக்கு ஒருமுறையாவது உண்மையிலேயே சென்றுவந்ததைப் பதிவும் செய்கிறார்கள். அசையாமல் கட்டிக் கிடக்கும் படகின் அடியில் பாசியும், ஓட்டோடு ஒட்டி வளரும் சிற்றுயிரான கொட்டலசும் விரைவாக ஏறிவிடும். இவற்றைத் தடுக்க ஒரு காலத்தில் பூசப்பட்ட டிரைபியூட்டைல்டின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த வண்ணங்கள் சிப்பி, நத்தை இனங்களுக்கு விளைவித்த கேட்டினால், 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ் விலக்கப்பட்டன. இன்று பெரும்பாலும் செம்பு கலந்த வண்ணமே பூசப்படுகிறது, அதன் நஞ்சும் நீரில் கரைவதால்தான் நீருக்குள் வைத்து அடிப்பகுதியைச் சுரண்டுவதை இந்தத் துறை தடை செய்திருக்கிறது. படகை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தத் தடையால் சிரமமில்லை. மேலும், வெளியே போய்வரும் பழக்கம் இருக்கும்வரை அலமாரிகளில் பொருள்கள் பெருகுவதில்லை. சாய்ந்தால் விழக்கூடியது எதுவும் மேசைமேல் தங்குவதில்லை.

பாய்மரத்தில் கயிறுகள் அடித்துக்கொள்ளும் ஒலி காற்றடிக்கும் இரவில் மேடை முழுவதையும் விழிக்க வைக்கும். அவற்றை மரத்திலிருந்து விலக்கிக் கட்ட வேண்டும் என்ற விதியை இங்கே ஏட்டளவில் விட்டுவிடவில்லை. ஆளில்லாத படகாக இருந்தால் பணியாளரே ஏறிக் கட்டிவிடுகிறார். அண்டை வீட்டாரைப் பொறுத்தவரை, படகின் பக்கத்தில் தட்டி, “ஏறலாமா?” என்று கேட்காமல் யாரும் அடுத்தவர் தளத்தில் கால் வைப்பதில்லை. புயல் எச்சரிக்கை வந்த இரவில் மட்டும் கேள்வியின்றி எல்லோரும் எல்லோருடைய கயிறுகளையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

கோடையில் சில மாதம் படகில் தங்கிப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட எளிய துறைகள் பொருந்தும். இருவருமாக, வேலையையும் கூடவே எடுத்துக்கொண்டு, குளிர்காலத்தையும் சேர்த்துக் கழிக்க எண்ணுபவர்களுக்கு இந்தத் துறையை உறுதியாகப் பரிந்துரைப்பேன். கரைக்கு அருகிலுள்ள முதல் சில தரிப்பிடங்களில் ஒன்றைக் கேளுங்கள். காத்திருப்புப் பட்டியலில் நிற்க வேண்டியிருந்தாலும் குளியலறைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் உள்ள தூரத்தை நினைத்தால் அது தகும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் மேல்மாடி அறையின் சாவியட்டை இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக ஒரு படகுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள், இரண்டாவதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.