பழைய கேம்கார்டர் டேப்புகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியது: நான்கு வருட அனுபவம்

சென்னை ராயபுரத்தில் எங்கள் வீட்டுப் பரணில், ஒரு டிரங்குப் பெட்டிக்குள் 31 எட்டு மில்லிமீட்டர் டேப்புகள் கிடந்தன. 1994-இல் இருந்து 2003 வரை நைனா எடுத்தவை. அவருடைய கேமரா எப்போதோ ஒரு டேப்பை உள்ளே சிக்கவைத்துக்கொண்டு நின்றுவிட்டது. அப்புறம் யாரும் பெட்டியைத் தொடவில்லை. ஆயா, அதாவது எங்கள் பாட்டி, இறந்த வருடம், அவருடைய குரல் எங்கேயாவது இருக்குமா என்று அக்கா கேட்டாள். அன்றைக்குத்தான் பெட்டியை இறக்கினேன்.

முதலில் தப்பான வழியில் போனேன். தெரிந்தவரிடம் பழைய கேமரா ஒன்றை இரவல் வாங்கி, மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை யூஎஸ்பியில் செருகும் சின்ன டாங்கிளில் கொடுத்துப் பதிவு செய்தேன். டாங்கிள் 900 ரூபாய். படம் வந்தது, ஆனால் நிறம் வெளிறிப்போய், ஓரங்கள் நெளிந்தபடி. பத்து நிமிடம் தாண்டினால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். டேப் லேசாக ஆடும் இடத்தில் ஃபிரேம்கள் விட்டுப்போகும், சத்தம் மட்டும் தன் போக்கில் ஓடும், அதனால் வரும் வினை. ஆறு டேப்பை இப்படி மாற்றினேன். பிறகு ஆறையும் முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லித்தான் டிஜிட்டல்8 கேமராவைத் தேடினேன். 1999-இல் சோனி கொண்டுவந்த வகை அது. வீடியோ8, ஹை8 என்ற பழைய எட்டு மில்லிமீட்டர் டேப் வகைகளை ஓட்டி, கேமராவுக்குள்ளேயே டிஜிட்டலாக மாற்றி, ஃபயர்வயர் என்ற தனி வகைக் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடும். ஆனால் எல்லா மாடலும் பழைய டேப்பை ஓட்டாது, சிலவற்றில் டிஜிட்டல் டேப் மட்டும்தான் ஓடும். வாங்கும்முன் மாடல் எண்ணை வைத்து இதை விசாரித்துவிடுங்கள். மாடல் எண்ணின் கடைசியில் 'ஈ' (E) இருந்தால் அது பால் (PAL) என்ற வீடியோ முறை, நம்மூர் டேப்புக்கு அதுதான் வேண்டும். செகண்ட்ஹேண்டில் 9,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது. கையோடு ஒரு டேப்பை எடுத்துப்போய், அங்கேயே ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். பேட்டரி செத்துப்போயிருந்தது. பரவாயில்லை, அடாப்டர் இருந்தால் போதும்.

ஃபயர்வயர் கார்டும் கேபிளும் ரிச்சி தெருவில் வாங்கினேன். விண்டோஸ் 10-இல் அந்தக் கார்டுக்கான பழைய டிரைவரை (லெகசி என்பார்கள்) தனியாகப் போட்ட பிறகுதான் கேமரா கம்ப்யூட்டரின் கண்ணில் பட்டது. கேபிளைச் செருகும்போதும் பிடுங்கும்போதும் கேமராவையும் கம்ப்யூட்டரையும் அணைத்துவிடுவேன், அந்த போர்ட் சுலபமாகப் புகைந்துவிடும் என்பார்கள். பதிவு செய்ய வின்டிவி (WinDV) என்ற இலவச மென்பொருள், அவ்வளவுதான். எத்தனை ஃபிரேம் விட்டுப்போனது என்று அதுவே காட்டும். எனக்குப் பெரும்பாலும் பூஜ்யம்தான். கேமரா மெனுவில் டிபிசி (TBC) என்று ஒன்று இருக்கும், படத்தின் ஆட்டத்தைச் சரிசெய்யும் வசதி அது, அதைப் போட்டுவிடுங்கள். நெளிந்த ஓரங்கள் நிமிர்ந்தது அதனால்தான்.

மென்பொருளைப் பற்றித்தான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். டேப்பை ஒழுங்காக ஓட்டும் கருவி கையில் இருந்தால் மென்பொருளை அமைப்பதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. பணத்தை அந்தக் கருவியில் போடுங்கள்.

ஒரு மணி நேர டேப்புக்கு ஒரு மணி நேரம் ஆகும், குறுக்குவழி கிடையாது. மணிக்கு 13 ஜிபி. எனக்கு மொத்தம் 38 மணி நேரம், கிட்டத்தட்ட 500 ஜிபி. அந்தப் பெரிய ஃபைல்களை அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஃபோனில் பார்க்க மட்டும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் சின்னதாக்கினேன். அதில் டீஇன்டர்லேஸ், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாகப் பதிவான கோடுகளை ஒரே படமாக்குவதை, செய்ய மறந்தால் ஓடுகிற பிள்ளைகளின் கைகால் எல்லாம் சீப்புப் பல் போலக் கோடு கோடாகத் தெரியும்.

எங்கள் பக்கத்துக் கடல் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு மழை நாளில் கேமரா 'சி:21:00' என்று காட்டி நின்றுவிட்டது. உள்ளே ஈரம் கோத்திருக்கிறது என்று அர்த்தம். டேப்பை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்து மின்விசிறி அடியில் சில மணி நேரம் வைத்தேன், சரியாகிவிட்டது. 'சி:22:00' வந்தால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு, கிளீனிங் கேசட்டைச் சில வினாடி ஓட்டினால் போதும். ஒவ்வொரு டேப்பையும் ஓட்டும்முன் கடைசிவரை வேகமாகச் சுற்றி, மறுபடி ஆரம்பத்துக்குச் சுற்றிவிடுவேன். பதிவு அழியாமல் இருக்க, கேசட்டின் பின்பக்கச் சின்னத் தாழ்ப்பாளைச் சிவப்பு தெரியும்படி தள்ளிவிடுவேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முட்டியளவு தண்ணீர். டேப்புகள் மாடியில் இருந்ததால் தப்பின. அதற்கு அப்புறம் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறேன்.

டேப் ஓடும்போது அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இது பெரிய பலமாக இருந்தது. 1996-இல் அக்காவின் மஞ்சள் நீராட்டு விழா, சீர்வரிசைத் தட்டுகளோடு தெருவில் வருகிற பெண்களில் எனக்கு நான்கு பேரைத்தான் தெரிந்தது. அம்மா ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார், நான் டேப்பை நிறுத்தி நிறுத்தி எழுதிக்கொண்டேன். காசிமேட்டுக்கு வடக்கே கடலோரமாக நைனா நடந்தபடி எடுத்த ஒரு காட்சியில் ஒரு வீட்டு வரிசை இருக்கிறது. இன்றைக்கு அந்த இடத்தில் பாறாங்கல் தடுப்புதான். சென்னைத் துறைமுகம் வந்த பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே எங்கள் கரையைக் கடல் அரித்துக்கொண்டே போனது. அந்த வீடுகள் வேறு எந்தப் படத்திலும் எங்களிடம் இல்லை.

ஆயாவின் குரல் பதினேழாவது டேப்பில் கிடைத்தது. "அத்த நிறுத்துடா, வந்து சாப்புடு." நான்கு வினாடி. அக்கா அதை அன்று இரவு முழுக்கக் கேட்டாள்.

இரண்டு டேப்புகள் மட்டும் பாக்கி. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் வெள்ளையாகப் பூஞ்சை தெரிகிறது. அவற்றைக் கேமராவில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்பும் கெடும் என்பதால் சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில் வைத்திருக்கிறேன், பூஞ்சையைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுப்பேன். கேமராவை விற்கவில்லை. திருவொற்றியூர் அத்தை வீட்டில் ஒன்பது ஹை8 டேப்புகள் இருக்கின்றன, அடுத்த வாரம் அவற்றைத் தொடங்குகிறேன்.