செட்டிநாட்டுப் பாழடைந்த வீடுகளைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

போன தை மாதம் காரைக்குடிப் பக்கம் பூட்டிக்கிடக்கும் ஒரு பழைய வீட்டைப் படமெடுக்கப் போய் 6,000 ரூபாயைப் பறிகொடுத்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை. அதற்குப் பின்னால் நடந்ததை நினைத்தால்தான் இன்னும் மனசு ஆறவில்லை. ஊர்ப் பெயரையும் வீட்டின் அடையாளத்தையும் வேண்டுமென்றே எழுதவில்லை. ஏன் என்று கடைசிவரை படித்தால் புரியும்.

நான் தங்கியிருந்த விடுதிக்கு வெளியே ஒருவர் தானாக வந்து பேசினார். கழுத்தில் கேமரா தொங்கியதைப் பார்த்திருப்பார் போல. "எல்லாரும் போற வீட்டையே ஏன் சார் எடுக்கிறீங்க? நாற்பது வருசமா பூட்டிக்கிடக்கிற வீடு ஒண்ணு இருக்கு. வீட்டுக்காரங்க எனக்கு வேண்டியவங்கதான், அனுமதி நான் வாங்கித் தர்றேன்" என்றார். முழு நாளுக்கு 6,000, அதுவும் முன்பணமாக. ரசீது கேட்டதற்கு, "குடும்பத்துக்காரங்க அதெல்லாம் விரும்ப மாட்டாங்க சார்" என்றார். அங்கேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஜிபே பண்ணிவிட்டேன்.

மறுநாள் காலை கூட்டிப்போனவர் முகப்பைத் திறக்கவில்லை. அடுத்த தெருவுக்குப் போய்ப் பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைய வைத்தார். அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிபவை, அதனால் எனக்கு அது விசித்திரமாகத் தோன்றவில்லை. சாவி வைத்திருந்த பெரியவர் பக்கத்துத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். அவர் கையில் 200 ரூபாயைத் திணித்ததைப் பார்த்தேன். மீதி 5,800 யாருக்குப் போனது என்று அப்போது யோசிக்கவில்லை.

உள்ளே போனதும் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. வளவில், அதாவது நடு முற்றத்தில், ஆளுயரத்துக்கு எருக்கு முளைத்திருந்தது. சுற்றியிருந்த பத்தியில், அதாவது தாழ்வாரத்தில், பர்மாத் தேக்குத் தூண்கள் வரிசை குலையாமல் நின்றன. தரைத் தூசியை ஒரு துணியால் துடைத்தேன், ஆத்தங்குடித் தரைக்கல்லின் சிவப்பும் பச்சையும் நேற்றுப் பதித்ததுபோல வெளியே வந்தன. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தச் சுவர்ப்பூச்சில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன், அவ்வளவு குளிர்ச்சி. நகரத்தார் எனப்படும் செட்டியார்கள் பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வட்டித்தொழில் செய்து சேர்த்த பணத்தில் எழுந்த வீடுகள் இவை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வரவை முறித்துப்போட்டன. வளவில் கண் கூசும் வெயில், பத்தியில் கும்மிருட்டு. ஒரே படத்தில் இரண்டும் வராது என்பதால் முக்காலியில் வைத்து வெவ்வேறு ஒளியளவில் ஐந்தைந்து படமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

"மாடிக்கும் போகலாம் சார், ஒண்ணும் ஆகாது" என்றார் கூட்டிவந்தவர். மாடியில் நான்காவது அடி வைத்தபோது தளம் கணுக்கால் வரை உள்ளே வாங்கியது. மழைநீர் இறங்கிய மூலையில், உத்திரம் சுவருக்குள் நுழையும் இடம் உளுத்துப்போயிருந்தது. மேலே பாவிய செங்கல்லும் சுண்ணாம்பும் அந்த உத்திரத்தை நம்பித்தான் நிற்கின்றன. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. அவர் கீழேயே நின்றுகொண்டிருந்தார்.

பதினொரு மணி வாக்கில் ஓர் ஆச்சி உள்ளே வந்தார். "யாரு தம்பி நீங்க? யாரைக் கேட்டு உள்ள வந்தீங்க?" நான் விவரம் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. "இந்த வீட்டுக்குப் பதினோரு புள்ளி இருக்கு தம்பி. அவன் எந்தப் புள்ளிக்கிட்ட கேட்டான்?" என்றார். புள்ளி என்றால் அவர்கள் கணக்கில் கல்யாணமான ஒரு பங்காளிக் குடும்பம். திரும்பிப் பார்த்தால் கூட்டிவந்தவரைக் காணோம்.

சட்டப்படி நான் செய்தது அத்துமீறல். பணம் கொடுத்தேன், ஏமாற்றப்பட்டேன் என்பதெல்லாம் காவல் நிலையத்தில் நாம்தான் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆச்சி பெரிய மனதோடு விட்டுவிட்டார்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. முந்தின நாள் பேசும்போதே அந்த ஆள், "குடும்பத்துக்காரங்க ஆல்பத்துக்கு ஒரு பிரதி வேணும், கதவு, நிலை, கைப்பிடியெல்லாம் கிட்டத்தில எடுங்க" என்று கேட்டிருந்தார். படம் எடுக்க எடுக்க நானும் கேமராவிலிருந்து அவர் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தேன். நாற்பது படங்களுக்கு மேல் இருக்கும்.

மூன்று மாதம் கழித்து, பழம்பொருள் வாங்கும் நண்பர் ஒருவர் வாட்ஸ்அப்பில் தனக்கு வந்த படங்களைக் காட்டினார். எல்லாம் நான் எடுத்தவை. ஒவ்வொன்றின் கீழும் விலை போட்டிருந்தது. ஆச்சிக்குச் சொல்ல ஓடினேன். அதற்குள் இரண்டாம் கட்டு நிலைவாசலின் மேல்பலகையையும், கதவின் பித்தளைக் கைப்பிடிகளையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். சுவரில் செங்கல் தெரிந்தது. திருடனுக்கு விலைப்பட்டியல் தயாரித்துக் கொடுத்தவன் நான்.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். தானாக வந்து அனுமதி பேசுகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த வீடுகள் பெரும்பாலும் பாகம் பிரியாதவை, பங்காளிகள் பல ஊர்களில் இருப்பார்கள். வீட்டுக்காரர் ஒருவரிடமாவது நேரில் அல்லது போனில் நீங்களே பேசுங்கள், மற்றவர்களுக்கும் தெரியுமா என்று கேளுங்கள். ஊரில் விசாரித்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு முறையாகக் காட்டும் வீடுகள் கானாடுகாத்தான் பக்கம் இருக்கின்றன, முதலில் அங்கே போய்ப் பாருங்கள். கேமராவிலும் போனிலும் படம் எடுத்த இடத்தைப் பதியும் இடக்குறிப்பை (லொகேஷன்) அணைத்துவிடுங்கள். ஆளில்லாத வீட்டின் கதவு, பூட்டு, கைப்பிடிகளைக் கிட்டத்தில் எடுத்த படங்களை வெளியே விடாதீர்கள், யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மாடி ஏறவே வேண்டாம்.

குடும்பத்தார் புகார் கொடுத்திருக்கிறார்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வந்திருக்கிறது. என் படங்களின் மூலக் கோப்புகளையும், பணம் அனுப்பிய விவரத்தையும் காவல் நிலையத்தில் கொடுத்திருக்கிறேன். கட்டடத்திலிருந்து பெயர்த்தெடுத்த 100 ஆண்டுப் பழமையான பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகிறது, தனியார் யாரும் அதைச் சட்டப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே அந்த மேல்பலகை இன்னும் நம் நாட்டில்தான் எங்கோ இருக்கும் என்று நம்புகிறேன்.

தேக்குப் பலகை, ஏறக்குறைய நாலடி நீளம். நடுவில் கஜலட்சுமி, இரு ஓரத்திலும் கிளி. வலது பக்கக் கிளிக்கு மூக்கு உடைந்திருக்கும். ஏதாவது கடையிலோ, ஹோட்டல் வரவேற்பறைச் சுவரிலோ கண்ணில் பட்டால் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்துங்கள்.