கார்த்திகைப்பூவோடு ஒன்பது மாரி

2016 ஆவணியில், இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் இருக்கும் எங்கள் வளவுக்குப் புது வேலி போடக் குழி தோண்டியபோது அலவாங்கில் ஒரு கிழங்கு பட்டு மேலே வந்தது. கலப்பை போல வளைந்து, இரண்டு கை நீட்டிய மாதிரி இருந்தது. அம்மா பார்த்த உடனேயே சொன்னார்: "கார்த்திகைப்பூக் கிழங்கு. முதல்ல போய்க் கையைக் கழுவு."

காட்டோரத்தில் அது தானாக வளர்ந்து பூப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதை வளவுக்குள் வைத்து வளர்க்கலாம் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது. கடந்த மாரியோடு ஒன்பது மாரி ஆகிறது. நட நினைப்பவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் வருடம் நான் விட்ட பிழை, கிழங்கைத் துண்டு துண்டாக வெட்டி நட்டது. நிறையச் செடி வரும் என்று நினைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்தக் கிழங்கின் உடல் முழுக்கக் கண் கிடையாது. இரண்டு கையின் நுனியிலும் ஆளுக்கொரு முளைதான். நுனி முறிந்தால் அந்தக் கை வீண். நல்லவேளை, வேலியோரம் இன்னும் நாலைந்து கிழங்கு இருந்தது. அடுத்த ஆவணியில் நுனி உடையாமல் எடுத்து, நாலு விரல் ஆழத்தில் படுக்கையாக வைத்தேன். ஐப்பசி மழை விழுந்து இரண்டு கிழமையில் ஈட்டி மாதிரி முளை எழும்பியது. கார்த்திகை நடுவில் முதல் பூ.

அந்தப் பூவைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல ஆசை. மொட்டு பச்சையாகத் தலை குனிந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழும் மேல்நோக்கி மடங்கி, ஓரம் நெளிந்து, தீச்சுவாலை மாதிரி நிற்கும். முதல் நாள் மஞ்சளும் பச்சையும். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கும். ஒரு கிழமைக்குள் பூ முழுக்கச் செக்கச்சிவப்பு. ஒரே கொடியில் மூன்று நாலு நிறத்தில் பூ இருக்கும், யாரோ தனித்தனியாகச் சாயம் பூசிய மாதிரி. சூல்தண்டு நேரே கீழே இறங்காமல் பக்கவாட்டில் மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வருகிற வண்ணத்துப்பூச்சி வேறு பூவிலிருந்து கொண்டுவரும் மகரந்தம் அதில் படத்தான் அந்த ஏற்பாடு. சங்கப் பாடல்கள் பெண்களின் விரலுக்குக் காந்தளை உவமை சொன்னது ஏன் என்று எனக்குக் காலையில் வேலியடியில் நின்றபோதுதான் விளங்கியது. தமிழ்நாட்டில் இதுவே செங்காந்தள், மாநில மலர். எங்கள் மண்ணில் கார்த்திகை மாதம் இந்தப் பூவைப் பார்க்கும்போது மனதில் என்னென்ன வந்து போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கொடிக்குத் தனிப் பற்றுக்கம்பி கிடையாது, இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். அதனால் தடித்த கட்டையில் ஏறாது. நான் முதலில் சீமெந்துத் தூணடியில் வைத்தேன், சரிந்து விழுந்தது. இப்போது கிளுவை வேலியின் மெல்லிய கிளைகளில் ஆளுயரத்துக்கு ஏறுகிறது. மண் எங்கள் பக்கத்துக் கிறவல் கலந்த செம்மண். உரம் என்று பெரிதாக எதுவும் இல்லை, மக்கிய மாட்டெரு ஒரு கூடை போதும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் கூடாது.

இரண்டாவது பெரிய பிழை கோடையில் நடந்தது. தையோடு கொடி மஞ்சளித்துக் காயத் தொடங்க, தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பங்குனி வரை வாளி வாளியாக ஊற்றினேன். தோண்டிப் பார்த்தால் பாதிக் கிழங்கு அழுகிக் கிடந்தது. "அதை விடு பிள்ளை, அது நித்திரை" என்றார் அம்மா. உண்மையும் அதுதான். ஒவ்வொரு மாரியிலும் பழைய கிழங்கு வற்றிப் புதுக் கிழங்கு உருவாகும். அது ஐப்பசி வரை காய்ந்த மண்ணுக்குள் சும்மா கிடக்க வேண்டும். வருடத்தில் எட்டு மாதம் அந்த இடம் வெறும் மண்ணாகத்தான் இருக்கும். தெரியாமல் யாரும் கொத்திவிடாமல் இருக்கச் செங்கல் வைத்து அடையாளப்படுத்தியிருக்கிறேன்.

பூச்சி என்றால் ஒன்றே ஒன்றுதான். கறுப்பில் வெள்ளையும் சிவப்பும் புள்ளி போட்ட புழு, இரண்டு இரவில் கொடியை மொட்டையாக்கும். மருந்து அடிக்கவில்லை. கையுறை போட்டுக் காலையிலேயே பொறுக்கிவிடுகிறேன்.

நஞ்சைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கிழங்கு, விதை, இலை எல்லாவற்றிலும் கொல்கிசின் இருக்கிறது, கிழங்கில் நிறைய. வத்தாளங்கிழங்கு, வள்ளிக்கிழங்கு என்று நினைத்து அவித்துத் தின்று உயிர் போனவர்கள் இலங்கையிலேயே இருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும் வரும், பிறகு உள்ளுறுப்புகளைப் பாதிக்கும். யாராவது தின்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். தவழுகிற பிள்ளை இருக்கும் வீட்டில் இதை நடவே வேண்டாம் என்பேன். எங்கள் மகள் பிறந்தபோது கிணற்றடியில் இருந்ததை எல்லாம் பின்வேலிக்கு மாற்றினேன். சமையலுக்கு வைக்கும் கிழங்கோடு இதை ஒரே உரப்பையில் போட்டு வைக்கவும் கூடாது.

விதையிலும் வரும். காய் வெடித்துச் சிவந்த விதை தெரியும்போது எடுத்துப் போட்டேன், பூக்க நாலாவது மாரி ஆயிற்று. அவசரம் இல்லாதவர்களுக்கு அது நல்ல வழி, காட்டில் போய்க் கிழங்கு கிண்டத் தேவையில்லை.

இப்போது என்னிடம் பதினாறு கொடி. கிளிநொச்சியில் இருக்கும் அக்கா இந்த ஆவணிக்கு இரண்டு கிழங்கு கேட்டிருக்கிறார். ஆட்டுக்கொட்டில் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.